தம்பி விட்டுப்போன எறும்புகள்

கடைசி வருஷப் பரீட்சையை எழுதாமலேயே என் தம்பி விழுப்புரத்திலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டான். சித்திரை மாதம். எங்கள் ஊரில் அந்த வெயில் சாயங்காலமானாலும் இறங்காது. பகலெல்லாம் குடித்த சூட்டை மலைப்பாறைகள் இருட்டிய பிறகும் ஊருக்குள் விட்டுக்கொண்டே இருக்கும். டிரங்குப் பெட்டியைக் கூடத்தில் வைத்துவிட்டு, "தல வலிக்குதுக்கா" என்று மட்டும் சொன்னான். அதற்கப்புறம் பல நாள் அவன் வேறெதுவும் சொல்லவில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. எனக்குச் செஞ்சி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் வேலை. நைனாவுக்குக் கடைவீதியில் வெல்லக் கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. நைனா, அம்மா, நான், தம்பி, அவ்வளவுதான் குடும்பம். எங்கள் வீட்டில் பட்டப் படிப்புக்குப் போன முதல் ஆள் அவன், விலங்கியல் எடுத்திருந்தான். பையன் பரீட்சை முடித்து வந்திருக்கிறான் என்று நைனா கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பான். தட்டில் போட்ட சோறு காய்ந்து கிடக்கும். அம்மா திருஷ்டி சுற்றிப் போட்டாள். காலேஜில் ஏதாவது தகராறா, யாராவது பெண் விஷயமா என்று நான் நயமாகக் கேட்டுப் பார்த்தேன். இல்லை என்று தலையாட்டினான். என்னால் நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை.

முதல் கோடை மழை பெய்த மறுநாள் அந்தி நேரத்தில் கடையின் டியூப் லைட்டைச் சுற்றி இறக்கை முளைத்த கட்டெறும்புகள் வந்து மோதின. தரையெல்லாம் உதிர்ந்த இறக்கை. வெல்லத்தில் விழுந்துவிடப் போகிறதே என்று நைனா கோணிப்பைகளை இழுத்து மூடிக்கொண்டிருந்தார். அப்போது தம்பி எழுந்து வெளியே வந்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் குந்தி, இறக்கையை உதறிவிட்டு ஓடுகிற பெரிய எறும்புகளை மட்டும் ஒரு தீப்பெட்டிக்குள் தள்ளிக்கொண்டான். அவன் தானாக எழுந்து வந்ததே எங்களுக்குப் பெரிய விஷயம்.

டிரங்குப் பெட்டியில் சில டெஸ்ட் டியூப்கள் வைத்திருந்தான். ஒவ்வொன்றிலும் அடியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, அதன்மேல் பஞ்சை அடைத்தான். பஞ்சு நனைந்து தண்ணீரைப் பிடித்துக்கொண்டது. அதற்கு முன்னால் ஒரு ராணி எறும்பை விட்டு, வாயையும் பஞ்சால் மூடினான். பூக்கடையிலிருந்து சிவப்புக் கண்ணாடித்தாள் வாங்கி வந்து குழாய்களைச் சுற்றினான். சிவப்பு வெளிச்சம் எறும்புக்குச் சரியாகத் தெரியாதாம். இருட்டில் இருப்பதாகவே நினைத்துக்கொள்ளுமாம். எல்லாவற்றையும் ஒரு அட்டைப்பெட்டியில் துணி பரப்பிப் படுக்க வைத்து அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்தான்.

"இதுக்கு இன்னாடா போடுவ சாப்பிட?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் போடக் கூடாதுக்கா. மொத புள்ளைங்க வெளிய வர்ற வரைக்கும் அது சாப்பிடாது. பறக்கறதுக்கு வச்சிருந்த சதை இருக்குதில்ல, அது இனிமே அதுக்கு வேணாம். அத கரைச்சித்தான் புழுங்களுக்கு ஊட்டும்."

வந்த நாளிலிருந்து அவன் சேர்ந்தாற்போல் இவ்வளவு பேசியது அப்போதுதான்.

அம்மாவுக்கு இது பிடிக்கவேயில்லை. எங்கள் வீட்டில் எறும்பு என்பது பகையாளி. சமையலறை அலமாரியின் கால்கள் தண்ணீர்க் கிண்ணத்தில் நிற்கும். கடைச் சுவரோரம் நைனா வாரம் தவறாமல் எறும்புப் பொடி தூவுவார். அந்தப் பொடியின் நெடி எங்கள் துணியில்கூட இருக்கும். "வெல்லக் கடக்காரன் புள்ள எறும்பு வளக்கறான்னு தெருவே சிரிக்கப் போவுது" என்றாள் அம்மா. நைனா, "வுடு, எழுந்து உக்காந்தானே" என்றார்.

ராணிகள் முட்டையிட்டன. வெள்ளை வெளேரென்று, ரவை மாதிரி. தம்பி பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்து என்னைப் பார்க்கச் சொல்வான். அதுவும் சில நிமிஷங்கள்தான். "போதும்க்கா. அடிக்கடி எடுத்து ஆட்டுனா பயந்துகிட்டு முட்டையத் தானே தின்னுடும்." அப்படித்தான் சில குழாய்கள் வீணாயின. சிலவற்றில் பஞ்சில் பூஞ்சை பிடித்து ராணி செத்துக் கிடந்தது. ஒன்று காரணமே தெரியாமல் செத்தது. ஆனி பிறந்தபோது ஒரே ஒரு ராணிதான் மிஞ்சியது. அதன் புழுக்கள் கூடு கட்டிக்கொண்டு நீளமான அரிசிமணிகள் போலக் கிடந்தன. அது அவற்றை வாயால் கவ்வி ஈரமான பக்கமும் காய்ந்த பக்கமும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தது.

ஒருநாள் காலை டூட்டி முடிந்து வீட்டுக்குள் நுழைந்தேன். தம்பி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். குழாய்க்குள் வெளிறிய நிறத்தில், சாதாரணக் கட்டெறும்பில் பாதிகூட இல்லாத சின்ன எறும்பு ஒன்று தள்ளாடிக்கொண்டு நின்றது. ராணி அதை நக்கிக்கொண்டிருந்தது. தம்பி சிரித்தான். சின்ன வயதில் சிரிக்கிற மாதிரி, தோள் குலுங்க, சத்தமில்லாமல். அம்மா வாசற்படியில் நின்று எறும்பைப் பார்க்காமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குச் சாயங்காலம் அவளே சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து ஒரு சொட்டு கொடுத்தாள்.

எல்லாம் சரியாகிவிடும் என்று அந்த ஆடி வரைக்கும் நாங்கள் நம்பினோம்.

பக்கத்துக் கடை கண்ணாடிக்கடை. சாமி படத்துக்கும் கல்யாண போட்டோவுக்கும் சட்டம் போட்டுத் தருகிற பாய் அதை நடத்தினார். அவர் ஒரு பழைய பிஸ்கட் ஜாடிக்கு மூடியாக வட்டமாகக் கண்ணாடி வெட்டிக் கொடுத்தார். தம்பி குழாயை அந்த ஜாடிக்குள் படுக்க வைத்து, வாயிலிருந்த பஞ்சை எடுத்துவிட்டான். எறும்புகள் ஜாடிக்குள் நடமாடின. முகப் பவுடரைத் தண்ணீரில் குழைத்து ஜாடி விளிம்பின் உட்புறம் பூசி வைத்தான். அது காய்ந்ததும் எறும்பால் ஏற முடியாது, வழுக்கி விழும். ஜாடியைத் தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தில் வைத்தான். ஈயைக் கொன்று காலைக் கிள்ளிப் போடுவான். கரப்பான் பூச்சி என்றால் கொதிநீரில் முக்கி எடுத்துப் போடுவான். மிச்சம் கிடந்ததை மறுநாளே எடுத்துவிடுவான்.

ஆனால் அவன் தூங்குவது குறைந்துகொண்டே வந்தது. திருவண்ணாமலை பஸ் தெருவில் திரும்பும்போது எழுந்து ஓடிப்போய் ஜாடியை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொள்வான். அதிர்கிறதாம். பிறகு கடைக்கு வருகிறவர்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தான். "வெல்லம் வாங்க வரலக்கா அவங்க. என்னயப் பாக்க வர்றாங்க. நைனா கிட்ட வெல தான் கேக்கறாங்கன்னு நெனக்காத." யார் என்று கேட்டால், "உனக்குத் தெரியாது" என்பான். ரேடியோவை நிறுத்தச் சொல்வான். அவன் பேரை அதில் சொல்லுகிறார்களாம்.

எறும்பு தன்னோடு பேசுகிறது என்று அவன் சொல்வதாக ஊரில் கிளப்பிவிட்டார்கள். அவன் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. ஜாடிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது மட்டும்தான் அவன் பேச்சு நேராக இருந்தது. புழுவுக்கு யார் ஊட்டுகிறது, குப்பையை எந்த மூலையில் கொண்டுபோய்க் கொட்டுகிறது என்று தெளிவாகச் சொல்வான். எழுந்து நான்கு எட்டு வந்தால் வேறு ஆளாகிவிடுவான். எறும்பால்தான் அவனுக்கு இப்படி ஆனது என்று அம்மா சொன்னாள். எறும்பு இல்லையென்றால் இதைவிட மோசமாகியிருக்கும் என்று நான் நினைத்தேன். யார் சொன்னது சரி என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஆவணியில் திண்டிவனத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, மாமா. தம்பியை உள்ளறையில் இருக்கச் சொல்லியிருந்தோம். வந்தவர்கள் கூடத்தில் நடந்து பாயில் உட்காரப் போகும்போது அவன் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து நின்றான்.

"கொஞ்சம் மெதுவா நடங்க. உள்ள கூடு பிரியற நேரம்" என்றான்.

மாமா சிரித்துவிட்டார். "இன்னா கூடு தம்பி?"

"எறும்புங்க" என்றான். கை கூப்பிக்கொண்டுதான் சொன்னான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நைனா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "காலேஜ் படிப்பு. ஆராய்ச்சி மாதிரி" என்றார். மாப்பிள்ளையின் அம்மா தம்பியை மேலும் கீழுமாகப் பார்த்தாள். கலைந்த தலை, பொத்தான் மாற்றிப் போட்ட சட்டை. அதற்கப்புறம் அவள் பஜ்ஜியைத் தொடவில்லை. போகும்போது மாப்பிள்ளை மட்டும் குதிகாலைத் தூக்கி, சத்தம் வராமல் நடந்து போனார். அதைப் பார்த்ததும் அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று. பெண்ணைப் பிடித்திருக்கிறது, ஆனால் வேறு இடம் பார்த்துக்கொள்கிறார்கள் என்று தரகர் அடுத்த வாரம் வந்து சொன்னார். நைனா அவருக்கு மோர் கொடுத்து அனுப்பினார். அம்மா உள்ளே போய்ப் பாத்திரங்களைத் தேய்க்க ஆரம்பித்தாள். ஏற்கெனவே தேய்த்த பாத்திரங்கள்.

அந்த அமாவாசைக்கு மேல்மலையனூருக்குப் போக வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக நின்றாள். அங்காளம்மன் சந்நிதியில் உட்கார வைத்தால் எதுவாக இருந்தாலும் இறங்கிவிடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். தம்பி மறுக்கவில்லை. "ஜாடிய நீ பாத்துக்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு ஸ்பெஷல் பஸ்ஸில் ஏறிப் போனான். மறுநாள் காலை மூவரும் திரும்பி வந்தார்கள். அவன் நெற்றி நிறைய விபூதி, கையில் கறுப்புக் கயிறு. உடுக்கைச் சத்தம் தாங்காமல் ஓடிப்போய் வயலோரம் நின்ற ஒரு பஸ்ஸுக்கு அடியில் படுத்துக்கொண்டானாம். நைனா தேடிக் கண்டுபிடித்து அவனோடு அங்கேயே மண்ணில் உட்கார்ந்திருந்தாராம். அம்மா இதையெல்லாம் சொல்லவில்லை. நைனாவின் வேட்டியில் இருந்த கிரீஸ் கறையைக் கேட்டு நான் தெரிந்துகொண்டேன்.

ஐப்பசி மழை பிடித்தபோது மலேரியா மருந்து அடிக்கிற ஆட்கள் எங்கள் தெருவுக்கு வந்தார்கள். அந்த நாளில் அது வழக்கம்தான். பம்ப் வைத்துச் சுவரெல்லாம் வெள்ளையாக அடித்துவிட்டு, கதவு நிலையில் தேதி எழுதிவிட்டுப் போவார்கள். வீட்டுச் சாமான்களையெல்லாம் கூடத்துக்கு நடுவில் இழுத்துப் போட்டு மூடிக்கொண்டிருந்தோம். ஜாடியைக் கண்ணாடிக்கடைக்குக் கொண்டுபோய் வைக்கலாம் என்று நான் தம்பியிடம் சொன்னேன். அவன் காதில் விழவேயில்லை. உள்ளறைக் கதவைச் சாத்தித் தாழ் போட்டுக்கொண்டான்.

"இது கொசுவுக்கு இல்ல. எனக்குத்தான்" என்று உள்ளேயிருந்து கத்தினான்.

வந்த ஆட்கள் நல்ல மாதிரி. "இந்த ரூம வுட்டுடறோம் பெரியவரே" என்று சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். போன பிறகு நைனா கதவைத் தட்டி, "போய்ட்டாங்கப்பா. தொற" என்றார். நெடுநேரம் தட்டினார். கதவு திறந்தது. தம்பி வெளியே வந்த வேகத்தில் நைனாவின் நெஞ்சில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளினான். நைனா பின்னால் சாய்ந்து, இழுத்துப் போட்டிருந்த உரல் மேல் விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது. சத்தம் எனக்கே கேட்டது.

தம்பி அப்படியே நின்றான். பிறகு தரையில் உட்கார்ந்து நைனாவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டான். நைனா வலியில் பல்லைக் கடித்தபடி, "ஒண்ணுமில்லப்பா, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கட்டுப்போட்ட கையோடு கடையில் உட்கார்ந்த நைனா, கேட்டவர்களிடமெல்லாம் ஈரத்தில் வழுக்கி விழுந்துவிட்டதாகச் சொன்னார். என்னிடம்கூட, நான் அங்கேதான் நின்றேன் என்று தெரிந்தும், "வழுக்கிடுச்சி" என்றே சொன்னார். கண்ணாடிக்கடை பாய் மட்டும் நம்பவில்லை. கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து நைனாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "பாண்டியில இதுக்குன்னு டாக்டருங்க இருக்காங்க. என் மச்சானை நாங்க கூட்டினு போனோம். வெக்கப்படறதுக்கு இதுல ஒண்ணுமில்ல. இன்னிக்கு அவரு ஆட்டோ ஓட்டறாரு" என்றார்.

அடுத்த நாள் வாடகைக் காரில் பாண்டிச்சேரிக்குப் போனோம். கிளம்புவதற்கு முன் தம்பி ஜாடிக்கு முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு எனக்குச் சொன்னான்: "தண்ணி காயாம பாத்துக்க. காய்ஞ்சிடும்போலத் தெரிஞ்சா புதுக் குழாய பக்கத்துல வையி, அதுங்களே மாறிக்கும். நீ கொட்டி மாத்தாத. வெளிச்சத்துல வைக்காத. ஆட்டாத." அவ்வளவும் தெளிவாக, நிதானமாகச் சொன்னான். இப்படிப் பேசுகிறவனை ஏன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. கார் தீவனூரைத் தாண்டியதும் டிரைவர் யார் பேச்சைக் கேட்டுக்கொண்டு ஓட்டுகிறான் என்று தம்பி என்னிடம் கேட்டான்.

அவனை அங்கே சேர்த்துக்கொண்டார்கள். பெயர் நீளமாக ஒரு வியாதி சொன்னார் டாக்டரம்மா. மாத்திரையால் கட்டுப்படும், ஆனால் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்றார். "எறும்பு வளர்த்ததால வந்ததாம்மா?" என்று அம்மா கேட்டாள். "அதெல்லாம் இல்லைங்கம்மா. அதால வர்ற வியாதி இல்ல இது" என்று அவர் சொன்னார். அம்மா தலையாட்டினாள். வீட்டுக்கு வந்த அன்றே ஜாடியைக் குப்பைமேட்டில் கொட்டிவிட்டு வரச் சொன்னாள்.

நைனாதான் தடுத்தார். "அவன் வந்து பாத்துக்கட்டும். அது வரிக்கும் இருக்கட்டும்."

அந்த ஜாடியை நான் பார்த்துக்கொண்டேன். டூட்டிக்குப் போவதற்கு முன்னால் சர்க்கரைத் தண்ணீர் ஒரு சொட்டு. வந்ததும் குப்பையை எடுப்பது. விளிம்பில் பவுடர் உதிர்ந்தால் புதிதாகப் பூசுவது. முதலில் ஈயின் காலைக் கிள்ளுவதற்கே அருவருப்பாக இருந்தது. பிறகு பழகிப்போயிற்று. சர்க்கரைச் சொட்டைச் சுற்றி அவை வட்டமாக நின்று குடிக்கும்; வயிறு புடைத்துக் கண்ணாடி மாதிரி ஆகும். உள்ளே போய் மற்றவற்றின் வாயோடு வாய் வைத்துக் கொடுக்கும். வெளியே வராத ராணிக்கும் அப்படித்தான் சாப்பாடு போகும். பார்த்துக்கொண்டே இருந்தால் எக்ஸ்சேஞ்சுக்கு நேரமாகிவிடும்.

ஒருநாள் நைனா கடையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தைக் கொண்டுவந்து நீட்டினார். பிரித்தேன். செத்த ஈக்கள்.

"வெல்லத்துல மொய்ச்சிது. விசிறியால அடிச்சேன். இது ஆவுமா பாரு" என்றார்.

"பொடி தூவின எடமா நைனா?"

"பொடி தூவறத நிறுத்தி ரொம்ப நாளாச்சு" என்றார். கட்டுப்போட்ட கையை மற்றக் கையால் தாங்கிக்கொண்டு ஜாடிக்கு முன்னால் குனிந்து பார்த்தார். பொடி இல்லாமல் கடையை அவர் எப்படிச் சமாளித்தாரோ, எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு பொட்டலம் அடிக்கடி வந்தது.

கார்த்திகையில் குழாயின் தண்ணீர் வற்றத் தொடங்கியது. பஞ்சும் பழுப்பாகிவிட்டது. அவன் சொன்னபடியே புதுக் குழாயில் தண்ணீரும் பஞ்சும் வைத்து, சிவப்புத் தாள் சுற்றிப் பக்கத்தில் படுக்க வைத்தேன். வெளிச்சம் பட்டால் தானாகக் கிளம்பும் என்று பழைய குழாயின் தாளை உருவிவிட்டேன். நாள் கணக்கில் அவை அசையவில்லை. புழுக்கள் காய்ந்து செத்துவிடுமோ, கொட்டி மாற்றிவிடலாமா என்று பதறினேன். கேட்பதற்கு ஆள் இல்லை. லீவு நாளில் ஒருதரம் வந்து பார்க்கிறேன், ஒன்றுமில்லை. அடுத்த நாள் காலை பல் தேய்த்துக்கொண்டே பார்த்தபோது ஒரு எறும்பு தன்னைவிடப் பெரிய கூட்டை வாயில் தூக்கிக்கொண்டு புதுக் குழாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. பின்னால் வரிசையாக மற்றவை. கடைசியில் ராணி, தயங்கித் தயங்கி, இரண்டு எறும்புகள் முன்னங்காலைப் பிடித்து இழுக்க, வெளியே வந்து நடந்து உள்ளே போனது. நான் அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா வந்து பார்த்தாள். "ம்" என்றாள். ஆனால் முடிகிறவரை நின்றாள்.

இதை அவனிடம் சொல்ல வேண்டும் என்று அடுத்த லீவுக்கு பஸ் பிடித்துப் பாண்டிக்குப் போனேன். ஆரம்பத்தில் போனபோதெல்லாம் அவன் முதலில் கேட்பது எறும்பைத்தான். இந்தத் தடவை கேட்கவில்லை. நானே சொன்னேன். "அப்படியா" என்றான். வாயோரம் எச்சில் வழிந்ததைத் துடைத்துக்கொண்டான். கை லேசாக ஆடிக்கொண்டிருந்தது. மாத்திரையால் அப்படி இருக்கும், போகப் போகக் குறையும் என்று நர்ஸ் சொன்னாள். பஸ்ஸில் திரும்பி வரும்போது, பரவாயில்லை, வீட்டுக்கு வந்து நேரில் பார்த்தால் எல்லாம் வந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பொங்கல் முடிந்து அவனை அனுப்பினார்கள். உடம்பு பெருத்திருந்தான். நடை நிதானப்பட்டிருந்தது. நைனாவைப் பார்த்ததும், "கை சரியாய்டிச்சா நைனா?" என்று கேட்டான். நைனா கையை மடக்கி நீட்டிக் காண்பித்தார். அம்மா போட்ட சோற்றை முழுக்கச் சாப்பிட்டான். கடைக்கு வருகிறவர்களைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ரேடியோ பாடிக்கொண்டிருந்தது, அவன் அதைக் கவனிக்கவேயில்லை. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்தக் கூடத்தில் எல்லோரும் சாதாரணமாக உட்கார்ந்திருந்தோம்.

சாப்பிட்டு முடித்ததும் நான் ஜாடியைத் தாம்பாளத்தோடு எடுத்து வந்து அவன் முன்னால் வைத்தேன். கூட்டம் பெருகியிருந்தது. குழாய் கறுப்பாக அடைந்து கிடந்தது. தலை பெருத்த ஒரு பெரிய எறும்பு அந்த வாரம்தான் புதிதாக வந்திருந்தது. வாசலில் காவல்காரன் போல நின்றது. அதை அவனுக்குக் காட்ட வேண்டும் என்று நாளெல்லாம் காத்திருந்தேன்.

அவன் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். "இன்னும் இருக்குதா இது" என்றான்.

"நீ சொன்ன மாதிரியே பாத்துக்கிட்டேன். கொட்டல, ஆட்டல. அதுங்களே மாறிக்கிச்சி."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "எடுத்துனு போயிடுக்கா. அத பாத்தா பயமா இருக்குது."

கோபமாகச் சொல்லவில்லை. தண்ணீர் வேண்டும் என்று கேட்கிற குரலில்தான் சொன்னான். நான் ஜாடியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். தாம்பாளத்துத் தண்ணீர் என் புடவையில் சிந்தியது. அம்மா என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அதற்காக அவளை என்னால் கோபிக்கவும் முடியவில்லை. அவளுக்கு அவள் பிள்ளை திரும்பி வந்துவிட்டான். எனக்கு யார் திரும்பி வந்திருக்கிறார்கள் என்று புரியவில்லை.

சில வாரம் ஜாடியை என் கட்டிலுக்குக் கீழே மறைத்து வைத்திருந்தேன். அது அங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டான். மாத்திரையைச் சரியாகப் போட்டுக்கொள்கிறவனுக்கு இப்படி ஒரு தொந்தரவை நானே வைத்திருப்பது நியாயமாகப் படவில்லை. நைனாவிடம் சொன்னேன். அவர் யோசித்தார். "நம்ம கோட்டை கிருஷ்ணகிரி மலையடில ஈரமான எடம் இருக்குது. காலையில போலாம்" என்றார்.

மாசி வெயில் ஏறுவதற்குள் போனோம். நைனா குடையும் ஒரு சின்ன மண்வெட்டியும் எடுத்து வந்தார். மலையடியில், பெரிய பாறை ஒன்றின் நிழல் விழுகிற பக்கம், புளியமரத்து வேருக்குப் பக்கத்தில் மண் இன்னும் ஈரமாக இருந்தது. அவர் கொஞ்சம் தோண்டிக் கொடுத்தார். குழாயை வெளியே எடுத்து அங்கே படுக்க வைத்தேன். தாளைப் பிரித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. எறும்புகள் வாசல்வரை வந்து மண்ணைத் தொட்டுவிட்டு உள்ளே போயின. வெயில் நகர்ந்து வந்தது. நைனா குடையை விரித்துக் குழாய்க்கு மேலே பிடித்தார்.

"போவுதா?"

"இல்ல நைனா."

"அவசரமில்ல. கடைய சாவகாசமாத் தொறக்கலாம்."

அந்த வழியாகச் சுள்ளி பொறுக்கப் போன பெண்கள் எங்களைப் பார்த்துக்கொண்டே போனார்கள். நைனா அவர்கள் பக்கம் திரும்பவில்லை. கடைசியில் ஒரு எறும்பு வேருக்கும் பாறைக்கும் நடுவிலிருந்த பிளவுக்குள் போய்த் திரும்பி வந்தது. பிறகு இன்னொன்று போனது. அதற்கப்புறம் கூடுகள் வெளியே வரத் தொடங்கின. பிறகு ராணி வெளியே வந்தது. வெளிச்சத்தில் அது கருகருவென்று மின்னியது. குழாயில் இருந்தவரை சிவப்பாகவே பார்த்துப் பழகியிருந்தேன். பிளவுக்குள் அது போனதைப் பார்த்துவிட்டு நைனா குடையை மடக்கினார். அந்த இடம் அவற்றுக்கு ஒத்துக்கொள்ளுமா, பக்கத்தில் வேறு புற்று இருக்குமா, ஒரு வாரம் தாங்குமா என்று எங்களுக்குத் தெரியாது.

தம்பி அதற்குப் பிறகு கடையில் உட்கார ஆரம்பித்தான். நிறுவைக் கல்லை எடுக்கும்போது கை ஆடும்; வாடிக்கைக்காரர்கள் பார்க்காத மாதிரி இருப்பார்கள். எங்கள் ஊர் அந்த விஷயத்தில் நல்ல ஊர். பரீட்சை பேச்சை யாரும் எடுக்கவில்லை. ஜாடி எங்கே என்று அவனும் கேட்கவில்லை.

எறும்புகளை விட்டுவந்த அந்த வாரத்தில் ஒருநாள் எக்ஸ்சேஞ்சில் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தேன். அனந்தபுரத்திலிருந்து யாரோ மெட்ராஸ் லைன் கேட்டார்கள். எனக்குக் கண்ணில் நீர் வழிய ஆரம்பித்தது, நிற்கவில்லை. "ஹலோ, லைன்ல இருக்கீங்களா?" என்று அந்த ஆள் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து சீட்டு அக்கா என் கையிலிருந்த வயரை வாங்கித் தானே சொருகிவிட்டு, என் பக்கம் திரும்பினாள்.

"இன்னாம்மா ஆச்சு? வீட்ல யாருக்கு இன்னா?"

"ஒண்ணுமில்லக்கா" என்றேன். "தம்பிக்கு ஒடம்பு சரியாய்டிச்சி."

"நல்ல சமாச்சாரம் தான?" என்றாள் அவள்.

ஆமாம் என்றேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த லைனை எடுத்தேன்.